ஏழு வீட்டுத் துடைப்பம்

பத்மாஸினி வீட்டுத் தரையில் சோற்றைப் போட்டே சாப்பிடலாம் என்று மைசூரில் கோட்டை மொஹல்லா என்கிற பேட்டையில் சொல்லுவார்கள். யாரும் போட்டுச் சாப்பிட்டதில்லை. ஆனால் அதைக் கேட்கும்போது அவள் முகத்தில் ஒரு பூரிப்பு வரும் பாருங்கள், அதற்காகவே இன்னும் நாலு பேர் சொல்லலாம்.

மேலுக்கோட்டையில் பிறந்து, பதினைந்து வயதில் செலுவநாராயணனைக் கைப்பிடித்து மைசூருக்கு வந்தவள். அவர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் ஏழு குடித்தனம். மைசூரில் இதை வடாரம் என்பார்கள். அதில் இரண்டாவது வீடு இவர்களுடையது. வந்த புதிதில் அவள் பெருக்குவதில் விசேஷம் ஒன்றும் இல்லை. எல்லாரையும் போலக் காலையில் ஒரு தரம், விளக்கேற்றும் முன்னால் ஒரு தரம். இரண்டு குழந்தைகள் பிறந்து தங்காமல் போயின. மூன்றாவதாகப் பிறந்த வைதேஹிக்கு நாலு வயதில் மூச்சிழுப்பு வந்தது. அதற்கப்புறம்தான் துடைப்பம் பத்மாஸினியின் கையோடு ஒட்டிக்கொண்டது.

காரணம் டாக்டர் சென்னப்பன். நாடு குடியரசான வருஷம் அது. குழந்தையின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, கன்னடமும் தமிழுமாக ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

"தூசு ஆகாதும்மா இந்த மகுவுக்கு. மனேல தூசே இருக்கக் கூடாது."

மனிதர் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். தூசை எப்படி எடுப்பது என்று சொல்லியிருக்கலாம். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். வீடு பெருக்கத் தெரியாத பெண் உண்டா என்று அவரும் நினைத்திருப்பார்.

அன்றிலிருந்து நாளைக்கு ஐந்து தரம் பெருக்கினாள். வாரத்துக்கு ஒரு நாள் இலவம்பஞ்சு மெத்தையை முற்றத்தில் போட்டுக் கழியால் சாத்தினாள். சாக்கடைக்கு பிளீச்சிங் பவுடர், குளியலறைக்கு பினாயில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, நடுக்கூடத்தில் வைதேஹியை உட்காரவைத்து, வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுப் புகை மூட்டினாள். கிருமி, பூச்சி, திருஷ்டி எல்லாம் ஒரே புகையில் ஓடிப்போகும் என்பது அவள் கணக்கு. குழந்தை எழுந்து ஓடப் பார்க்கும். "செத்த பொறுத்துக்கோடி கண்ணே, ஆயிடுத்து, ஆயிடுத்து" என்று தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைப்பாள்.

மறுநாள் விடிவதற்குள் நெஞ்சில் விசில் ஊத ஆரம்பித்துவிடும். எங்கேயோ தூசு மிச்சம் இருக்கிறது என்று இன்னொரு தரம் பெருக்குவாள். பெருக்கப் பெருக்க இழுத்தது. இழுக்க இழுக்கப் பெருக்கினாள்.

தன் வீட்டில் இனித் தூசு இல்லை, அப்படியானால் பக்கத்து வீடுகளிலிருந்துதான் வருகிறது என்று ஒருநாள் தோன்றிவிட்டது. விடுவாளா? மற்ற ஆறு வீட்டையும் ஒரு வழி பண்ணினாள். மூன்றாவது வீட்டு தேவம்மாவின் கட்டிலுக்கடியில் விரலை ஓட்டி, அந்த விரலை அவளுக்கே காட்டினாள். ஐந்தாவது வீட்டுக்காரி வெட்கத்தில் அழுதேவிட்டாள். இரண்டே வருஷம். காலை ஐந்தரைக்கு ஏழு பெண்களும் முற்றத்தில் இறங்கி வரிசையாகப் பெருக்கினார்கள். வெள்ளிக்கிழமை ஏழு வீட்டிலும் புகை. தெருவே மூக்கில் விரல் வைத்தது.

வைதேஹிக்கு ஏழு வயதாகும்போது, மேலுக்கோட்டையில் பத்மாஸினியின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. வழித் தூசும் கூட்டமும் குழந்தைக்கு ஆகாது என்று, மைசூரின் இன்னொரு கோடியில் ஒண்டிக்கொப்பலில் இருந்த நாத்தனார் ரங்கம்மா வீட்டில் அவளை விட்டுவிட்டுப் போனார்கள். வேறு வழியில்லாமல்தான். ரங்கம்மா லேசில் துடைப்பத்தைத் தொடமாட்டாள். ஏதாவது கொட்டினால் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கோணிச் சாக்கால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான் வேலை. கட்டிலில் நேற்றுக் கட்டின புடவை, முந்தாநாள் கட்டின புடவை எல்லாம் குவிந்து கிடக்கும். ஜன்னல்களுக்குக் கொக்கி போய் மாமாங்கம் ஆகியிருந்ததால் அவை ராப்பகல் திறந்தே கிடந்தன.

பத்து நாள் கழித்து, குழந்தை எந்தக் கோலத்தில் இருக்கிறாளோ என்று ஓட்டமும் நடையுமாக வந்தாள் பத்மாஸினி. வைதேஹி கொய்யா மரத்தின் மேல் இருந்தாள்.

"அக்கா, என்ன மருந்து குடுத்தேள்?"

"மருந்தா? நீ குடுத்த சீசாவை எங்கயோ வெச்சேன், அப்புறம் காணலை. நீ கோச்சுக்காதே பத்மா."

வீட்டுக்குக் கூட்டிவந்த இரண்டாம் நாள், முற்றத்தில் ஏழு துடைப்பமும் இறங்கிய நேரத்தில், விசில் திரும்ப வந்தது. மறுபடி ரங்கம்மா வீடு. இரண்டே நாளில் நின்றது. மறுபடி இங்கே, மறுபடி இழுப்பு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். இந்தத் தடவை அவர், வீட்டை எப்படிச் சுத்தம் பண்ணுகிறீர்கள் என்று கேட்டார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அய்யோ அம்மா, நீங்க தூசை எடுக்கலை. எழுப்பி மகு மூக்குல குடுத்திருக்கீங்க. ஈரத் துணில ஒத்தி எடுக்கணும். பவுடர் வேண்டாம், பினாயில் வேண்டாம், அந்த சாம்பிராணி ஹொகை வேண்டவே வேண்டாம்."

மூன்று வருஷம். எத்தனை வெள்ளிக்கிழமை அந்தத் தோளைப் பிடித்து அழுத்தியிருப்பாள்! ஜட்காவில் திரும்பும்போது பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கே துடைப்பத்தைப் பரண்மேல் எறிந்தாள். ஈரத் துணியை எடுத்தாள். சாம்பிராணியை நிறுத்தினாள். ஆனால் மற்ற ஆறு வீட்டை என்ன செய்வது? வாசல் வாசலாகப் போய்க் கெஞ்சினாள்.

"நீங்கதானே கத்துக் குடுத்தீங்க?" என்றாள் தேவம்மா. "சுக்ரவாரம் ஹொகை போடலைன்னா மனேல லட்சுமி நிப்பாளா? உங்களுக்கு இப்போ கை சலிச்சுப் போச்சு, அதுக்கு நாங்க என்ன பண்றது?"

ஐந்தாவது வீட்டுக்காரி நேரே வந்து, பத்மாஸினியின் நிலைப்படியில் விரலை ஓட்டி, அவளுக்கே காட்டிவிட்டுப் போனாள்.

ஜன்னல்களைச் சாத்திப் பார்த்தாள். கதவிடுக்கில் ஈரத் துணியைத் திணித்துப் பார்த்தாள். ஏழு வீட்டுக்கும் ஒரே ஓடு, ஒரே உத்தரம். புகைக்கு வழியா தெரியாது? செலுவநாராயணன் ஊரெல்லாம் அலைந்தார். அவர் சம்பளத்துக்கு வேறு வீடு அகப்படவில்லை. ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை காலை வைதேஹியின் உதடு நீலமாகிவிட்டது. அன்று சாயங்காலமே ரங்கம்மா வந்து, பள்ளிக்கூடப் பையோடு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். பத்மாஸினியால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. எந்த வாயால் சொல்வாள்?

மறு ஞாயிற்றுக்கிழமை, குளித்து, பெட்டியிலிருந்து நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு ஒண்டிக்கொப்பலுக்குப் போனாள். குழந்தை ஓடிவந்து மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. எத்தனையோ வருஷத்துச் சாம்பிராணியும் அந்துருண்டையும் ஊறிய புடவை அது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இருமல், பின்னாலேயே விசில். ரங்கம்மா வந்து குழந்தையைப் பிரித்து எடுத்து ஜன்னலண்டை கொண்டுபோனாள். பத்மாஸினி எழுந்து வாசல் பக்கம் ஒதுங்கி நின்றாள்.

ரங்கம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, கட்டில் குவியலிலிருந்து ஒரு புடவையை உருவி நீட்டினாள். "நேத்திக்குக் கட்டிண்டதுதான். உனக்கு ஆகாதுன்னு தெரியும். பரவால்லையா?"

பிறத்தியார் கட்டிக் களைந்த துணியைக் கையால்கூடத் தொட்டதில்லை பத்மாஸினி. வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

விசில் அடங்கிய பிறகு வைதேஹி மறுபடி மடியில் வந்து உட்கார்ந்தாள். அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டாள் பத்மாஸினி. சத்தமே இல்லை, மூச்சு சீராகப் போய் வந்தது.

"அம்மா, இப்போ நீ அத்தை வாசனையா இருக்கே" என்று சந்தோஷமாகச் சொல்லி, குழந்தை இன்னும் ஒட்டிக்கொண்டது.

"ஆமாண்டி கண்ணே" என்றாள்.

கிளம்பும்போது, அந்தப் புடவையிலும் வடாரத்துப் புகை ஏறிவிடாமல் இருக்க, தன் புடவையை மாற்றிக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கப்புறம் குழந்தையின் கிட்டே போக முடியாது. வாசல் கேட்டுக்கு வெளியே நின்று, கையை மட்டும் ஆட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.