படித்துறையில் மொண்ட தண்ணீர்

போன ஆடியில் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக் குளத்துக்கு இரண்டாம் முறையாகப் போனேன். முதல் முறை சித்திரையில். தண்ணீர் மீன் வளர்ப்புக்கு ஆகுமா என்று பரிசோதித்துச் சொல்வது என் பிழைப்பு. ‘காரம் அதிகம், மீன் தாங்காது’ என்று அப்போது எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தத் தாளைக் காட்டியே, குளத்தைக் குத்தகைக்குக் கேட்ட மகளிர் குழுவை ஊராட்சியில் தட்டிக்கழிக்கப் பார்க்கிறார்கள் என்று குழுத்தலைவி மல்லிகா போன் செய்தார். “இன்னொரு தடவ வந்து பாருங்க சார்.” மறுநாள் பதினொரு மணிக்கு ஊராட்சியில் கூட்டம்.

தஞ்சாவூரில் காலை 4.40 பஸ், டிக்கெட் முப்பது ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். பிறகு ஒன்பது கிலோமீட்டர் ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“குழுவுல இருக்கறவங்க, பண்ணைக்காரங்க நெலத்துல கூலிக்கு நின்ன குடும்பங்க சார். இப்ப கொளத்தயே குத்தகைக்குக் கேட்டா அவங்களுக்குப் பொறுக்குமா? உங்க ரிப்போர்ட்டு வசதியாப் போச்சு.”

பையிலிருந்து பழைய ரிப்போர்ட்டை எடுத்து இன்னொரு முறை படித்தேன்.

மேட்டூர்த் தண்ணீர் வந்து குளம் தளும்பிக் கிடந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் படித்துறையில் இறங்கினேன். மல்லிகா தடுத்தார்.

“அங்க வேணாம் சார். ஊரே சோப்புப் போட்டுத் துவைக்கிற எடம். போன தடவையும் சேத்துக்குப் பயந்து அங்கதான் மொண்டீங்க.”

சுருக்கென்றது. “அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?”

“படிச்சவங்க, தெரிஞ்சுதான் செய்வீங்கன்னு பேசாம நின்னுட்டோம்.”

வாழைமரத்தில் கட்டிய தெப்பத்தில் என்னைக் குழுப் பெண்கள் நடுக்குளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பேன்ட் முழங்கால்வரை சேறு. எனக்கு அது வேண்டியதுதான். ஒப்பிட்டுப் பார்க்கப் படித்துறையிலும் ஒரு பாட்டில் மொண்டேன். காரத்தன்மை (pH) நடுவில் 7.6, மீனுக்கு ஏற்ற அளவு; படித்துறையில் 9.1. விடிகாலையில்தான் தண்ணீரில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும். அப்போதும் லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமுக்குக் குறையவில்லை; மீனுக்கு அது போதும்.

கூட்டத்தில் ஒரு பண்ணைக்காரர் கேட்டார்: “அப்ப பழைய ரிப்போர்ட்டு?”

“தப்பு. நான் பண்ண தப்பு” என்றேன். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். குத்தகை குழுவின் பெயருக்கே வந்தது. மல்லிகா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். எனக்கு வெட்கமாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

இந்த வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், மாற்றுத்துணி அவசியம். ஆடியில் மீன்குஞ்சு விட்டால், தண்ணீர் வற்றும் சித்திரைக்கு முன் பிடித்துவிடச் சொல்லுங்கள். எங்கே மொள்ளலாம் என்று கரையில் நிற்பவரைக் கேளுங்கள். அவர் பேசாமல் நின்றால், இன்னொரு முறை கேளுங்கள்.