காதை அடைத்துக்கொண்டு பாடியவள்

ஷெல்பி நூட்சனை நான் முதன்முதலில் பார்த்தது இண்டியானாவில், ஒரு பள்ளிக்கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில். அந்தக் கோடை முழுக்க சாண்ட்ஹில் டிரம் கோர் என்ற முரசு, கொம்பு அணிவகுப்புக் குழுவின் சமையல் லாரியில் முட்டை உடைப்பதுதான் என் வேலை. நூற்றைம்பது பேர் தட்டோடு வரிசையில் நின்று ஆளுக்கொன்று கேட்டார்கள். இவள் மட்டும் ஒரு குட்டி நோட்டை நீட்டினாள். ‘வெந்நீர். உப்பு. இருந்தால் தேன்’ என்று எழுதியிருந்தது. வாய் பேச வராத பெண் போல என்று நினைத்து நானும் கையாலேயே ‘இரு’ என்று ஜாடை காட்டினேன். வரிசையே சிரித்தது.

சமையல் பொறுப்பாளர் பெக் அம்மாள் கரண்டியால் என் தோளில் ஒன்று போட்டார். “அட மண்டு! அவதான்டா நம்ம பாட்டுக்காரி. சாயங்காலம் நாலு நிமிஷம் பாடறதுக்குப் பகல் பூரா வாயத் தைச்சு வெச்சிருக்கா.”

ஷெல்பி சிரிக்கவில்லை. வெந்நீரை வாங்கிக்கொண்டு நிழல் தேடிப் போனாள். சிரித்தால் தொண்டை இழுக்கும் என்று அதையும் விட்டிருந்தாள்.

விஸ்கான்சினில் மாடும் சோளமுமாகக் கிடக்கும் ஒரு சிற்றூர் அவளுடையது. அம்மா சீஸ் ஆலையில் பொட்டலம் கட்டுகிறவர். பதினெட்டு வயதில் கோரில் சேர்ந்தாள் ஷெல்பி. அவள் வாசித்தது மெல்லோஃபோன், ஒரு முழ நீளப் பித்தளைக் கொம்பு. கோடை என்றால் பஸ், பள்ளிக்கூடத்து ஜிம் தரையில் படுக்கை, வெயிலில் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி, பிறகு ஏதோ ஒரு ஊர் கால்பந்து மைதானத்தில் பதினோரு நிமிடப் போட்டி. மறுநாள் வேறு ஊர். இருபத்திரண்டு வயதாகிவிட்டால் வரிசையில் இடமில்லை. எவ்வளவு நன்றாக வாசித்தாலும் வெளியே போக வேண்டியதுதான். அந்தக் கோடை ஷெல்பிக்கு நான்காவது, கடைசியும் கூட.

அதற்கு முந்தைய குளிர்காலப் பயிற்சி முகாமில்தான் இசை இயக்குநர் வேய்ன் ரட்லிஜ் புதுக் குண்டைப் போட்டார். மெதுவான பாட்டில் இந்த முறை கொம்புகள் பின்னால் நிற்கும், ஒருத்தி மைதானத்தின் நடுவில் நின்று பாடுவாள். பதினொரு பேர் பாடிக் காட்டினார்கள். கிடைத்தது ஷெல்பிக்கு. அன்று மாலையே அவளுடைய பதினாலாம் எண் கொம்பு ஒரு புதுப் பெண்ணின் கைக்குப் போனது. கொம்புப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஷெல்பியின் பெயருக்குக் கீழே அந்தப் பெண் தன் பெயரை எழுதிக்கொண்டாள். அதுதான் அங்கே வழக்கம்.

கொம்பு வரிசைக்காரர்கள் சும்மா விடுவார்களா? “ராணியம்மா, இனி உங்களுக்குத் தூக்கறதுக்கு ஒண்ணுமில்லயே. தண்ணி ஜாடியயாச்சும் தூக்குங்க!” என்றார்கள். தூக்கினாள். ஜூலை வரைக்கும் அந்த வரிசையின் தண்ணீர் ஜாடிகள் எல்லாம் அவள் கையில்தான்.

இதையெல்லாம் விட மோசம் வேலியோரத்துக் கிழவர்கள். டிரம் கோர் என்றால் பித்தளைக் கொம்பும் முரசுத் தோலும்தான், மைக்குக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிற பழைய ஆட்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களில் ஹெர்ஷல் என்று ஒருவர், மடக்கு நாற்காலியும் தொப்பியுமாக எல்லா ஊருக்கும் காரோட்டிக்கொண்டு வந்துவிடுவார். மைதானத்துக்குப் போகிற வழியில் ஷெல்பியைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

“ஏம்மா, கொம்ப எங்க தொலைச்ச?”

“பாட்டுக் கேக்கணும்னா எங்க வீட்டுல ரேடியோ இருக்கு தாயி. நான் இங்க வர்றது காது கிழியறதுக்கு!”

முதல் இரண்டு வாரம் அவளும் நாக்கை நீட்டிக் காட்டினாள். ஐந்தாவது வாரத்தில் அதற்கும் தெம்பில்லை. பகலில் புழுதி, பஸ்ஸில் டீசல் நெடி, ஜிம்மில் ஏசிக் குளிர். குரலில் மணல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. காலையில் எழுந்தால் முதல் வேலை, குரல் இருக்கிறதா என்று ஒரு ‘ம்ம்’ போட்டுப் பார்ப்பது. சில நாள் இருந்தது. சில நாள் பத்து மணிக்கு மேல்தான் வந்தது.

டெக்சாஸில் கூரை மூடிய ஒரு பெரிய அரங்கத்தில்தான் அது நடந்தது.

மைதானத்தில் காதை நம்பினால் கெட்டோம் என்பது கோரில் முதல் நாள் பாடம். ஒலி நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர்தான் போகும். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது தாளம் நகர்ந்துவிட்டிருக்கும். ஆகவே ஏணி மேல் நின்று கையசைக்கும் டிரம் மேஜரைப் பார், கேட்காதே. மூன்று வருடமாகப் புதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவளே ஷெல்பிதான். ஆனால் அன்று தொண்டை மேல் அவளுக்கே சந்தேகம். குரல் வெளியே வருகிறதா இல்லையா? பாடிக்கொண்டே தன் குரலைத் தேடினாள். அரங்கத்தின் எதிர்ச்சுவரிலிருந்து அது திரும்பி வந்தது. அப்பாடா, இருக்கிறது! அதைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனாள்.

அது அரைத் தாளம் பிந்தி வந்த குரல். கொம்புகள் கையைப் பார்த்து ஒரு பக்கம் போக, இவள் எதிரொலியைக் கேட்டு இன்னொரு பக்கம் போக, பாட்டு நடுவில் பிளந்து நின்றது. எட்டுத் தாளம்தான். எட்டுத் தாளத்தில் எண்பது கொம்புக்காரர்களின் ஏழு மாத உழைப்பு நாறியது. மதிப்பெண் இரண்டு இறங்கியது.

மறுநாள் வேய்ன் அவளைக் காலி கேலரிப் படியில் உட்கார வைத்தார். கெட்டவர் இல்லை. தூங்காத கண்.

“மே மாசம் உன் பாட்ட பதிவு பண்ணி வெச்சோமே, ஞாபகம் இருக்கா? அதைப் போட்டுடலாம். போட்டி விதி இடம் குடுக்குது.”

அவள் வாயைத் திறந்து பேசினாள். நான்கு நாளில் அதுதான் முதல் பேச்சு. “அப்ப நான் என்ன செய்யணும்? வாய மட்டும் அசைக்கணுமா?”

“அசைக்கக்கூட வேணாம். ஆளுங்களுக்கு முதுகக் காட்டி நின்னுடு. பாக்க அழகாவும் இருக்கும்.”

உப்புக்குச் சப்பாணி. கொம்பும் போய், குரலும் போய், கடைசிக் கோடையில் மைதான நடுவில் ஒரு நட்டுவைத்த கம்பு. ஷெல்பி ஒலி மேசைக்குப் போய்க் ஹெட்ஃபோன் மாட்டி அந்தப் பதிவைக் கேட்டாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. தூங்கி எழுந்த தொண்டை, சுத்தமான குரல். இப்போது அவளிடம் இருந்ததை விட நூறு மடங்கு தேவலை. அதுதான் அவளை உட்கார வைத்துவிட்டது. கோபப்படக்கூட வழியில்லை.

“ஓஹையோ போற வரைக்கும் டயம் குடுங்க,” என்றாள்.

“அங்க மூணு தடவை பாடு. மூணும் தாளத்துல நிக்கணும். ஒண்ணு தப்பினாலும் பதிவுதான்.”

வழி காட்டியது அம்மாவின் பார்சல். வழக்கம்போல் காலுறை, இருமல் மிட்டாய். அவற்றோடு ஆலையில் இயந்திரச் சத்தத்துக்குக் காதில் வைத்துக்கொள்ளும் ஆரஞ்சு நிறப் பஞ்சடைப்பான்கள் ஒரு டப்பா நிறைய. ‘குறட்டைக்கு நடுவுல தூங்க. ஆலையில கேக்காம எடுத்தது, தம்பட்டம் அடிக்காத’ என்று சீட்டு. அன்று அவற்றை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். காலையில் எழுந்து வழக்கமான ‘ம்ம்’ போட்டாள். ஜிம் முழுக்கப் பாயைச் சுருட்டி ஓடிக்கொண்டிருந்தது, அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த ‘ம்ம்’ மட்டும் மண்டைக்குள் கிணற்றில் பேசியது போல் கனமாகக் கேட்டது. குரல் இங்கேயேதான் இருந்தது. இதைத்தானே சுவரில் போய்த் தேடினோம் என்று நினைத்துக்கொண்டே பாயைச் சுருட்டினாள்.

டிரம் மேஜர் மார்கிஸிடம் போய் அடைப்பான்களைக் காட்டினாள். இருபது வயதுப் பையன், தலைக்கனமும் அதற்கேற்ற கையும் உண்டு.

“பைத்தியமா புள்ள உனக்கு? காத அடைச்சுட்டுப் பாடுவியா?”

“பக்கத்துல கொம்பு இருக்கு, அது நெஞ்சுலயே இடிக்குது. சுவத்துலேந்து வர்றதுதான் கேக்கக் கூடாது. மத்தபடி உன் கைதான்.”

“சரி. தும்மல் வந்தாக்கூட என் கையப் பாத்துட்டே தும்மு.”

ஓஹையோவில் தார் உருகுகிற வெயிலில் மூன்று முறை பாடினாள். மூன்றும் தாளத்தில் நின்றன. மூன்றாவதில் உச்சக் குரல் நூலாகத் தேய்ந்தது. வேய்ன் அவளருகே வந்தார்.

“தாளம் சரியா இருக்கு. குரல் மே மாசத்துல பாதிதான்.”

“தெரியும் வேய்ன்.”

“ஆனா நீ மூச்சு விடற இடத்துலதான் கொம்புக்காரங்களும் மூச்சு விடறாங்க. பதிவு யாருக்காகவும் நிக்காது. அதனால பாடு. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஒலி மேசையில பதிவு தயாரா இருக்கும். ஒரு தாளம் நகந்துச்சுன்னா மேசைக்காரன் பொத்தான அமுக்கிடுவான். உன் மைக் செத்துரும்.”

தலையாட்டினாள். இரண்டடி நடந்த பிறகுதான் உறைத்தது. காதை அடைத்துக்கொண்டு பாடுகிறவளுக்கு, பொத்தானை அமுக்கியது எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் கடைசிப் போட்டிகள், அதுவும் கூரை மூடிய அரங்கம். அரையிறுதி அன்று ஷெல்பிக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. பெக் அம்மாள் வெந்நீரை நீட்டி, “பாடிட்டு வா கண்ணு, அப்புறம் வாய் வலிக்கப் பேசு. ஒரு மாசத்துப் பாக்கி இருக்கு,” என்று அனுப்பிவைத்தார்.

மெதுவான பாட்டு வந்தது. ஷெல்பி நடுக்கோட்டில் நின்றாள். காதில் அடைப்பான்கள், கன்னத்தில் மைக். ஏணி மேல் மார்கிஸின் வெள்ளைக் கையுறை. கை இறங்கியது, பாடினாள். மண்டைக்குள் குரல், நெஞ்சில் கொம்பு, கண்ணில் கை. இருபதாயிரம் பேர் என்ன கேட்கிறார்கள் என்று தெரியாது. தன்னைத்தானா, மே மாதத்துக்காரியையா? அந்த யோசனை வரும்போதெல்லாம் கையுறையைப் பார்த்தாள். உச்சத்தில் ஏறும்போது தொண்டை கிழிந்தது. மண்டைக்குள் அது துணி கிழிந்த மாதிரியே கேட்டது. விடவில்லை. கிழிந்த குரலோடு தாளத்தில் இறங்கி முடித்தாள்.

வெளியே வரும் வழி ஒரு நீண்ட சிமெண்டுப் பாதை. ஒலி மேசைக்காரன் கருவிகளோடு வேறு வழியாகப் போய்விட்டான். வேய்னைக் காணவில்லை. அடைப்பான்களைக் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வியர்வையோடு நடந்தாள். கேட்க ஆளில்லை, கேட்கத் தெம்புமில்லை.

கதவருகே தடுப்புக் கம்பியில் சாய்ந்து ஹெர்ஷல் நின்றிருந்தார்.

“அடியே பாட்டுக்காரி! உச்சியில போய் டர்ர்னு கிழிச்சியே, எங்க வீட்டு ரேடியோ தேவலம்மா!”

ஷெல்பி நின்றுவிட்டாள். பதிவு கிழியாது. மே மாதத்துக் குரலில் அந்த இடம் வெண்ணெய் மாதிரி இருக்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கம்பி வழியாகக் கையை நீட்டி அந்தக் கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள்.

“என்னம்மா, திட்டினாக் கைகுடுக்கற? உடம்புக்கு ஒண்ணுமில்லயே?” என்று கிழவர் பதறிப்போனார்.

அன்று சாண்ட்ஹில்லுக்குக் கிடைத்தது பதினாலாவது இடம். இறுதிப் போட்டி பன்னிரண்டு அணிகளுக்குத்தான். பதிவைப் போட்டிருந்தால் இரண்டு இடம் ஏறியிருப்போமா என்று பஸ்ஸில் சிலர் வாய்விட்டே கேட்டார்கள். ஷெல்பி ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். வேய்ன் அவளிடம் சொன்னது ஒரே வார்த்தை: “தாளத்துல நின்ன.”

அவளுக்கு இப்போது இருபத்தொன்பது வயது. சொந்த ஊருக்கு ஒரு மணி நேரத் தொலைவில், ஓ கிளேர் நகரத்தில் இருக்கிறாள். பள்ளிப் பேருந்துகளுக்கு ரேடியோவில் வழி சொல்லும் அலுவலகத்தில் காலை ஐந்து மணி வேலை. குரல் இன்னும் கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருக்கிறது. எங்கும் பாடுவதில்லை.