காப்புச் செய்யுள் காட்டிய வழி

தஞ்சாவூர் நூலகம் ஒன்றில் அமர்ந்திருக்கிறேன். பாபநாசத்துக்கு அருகே எங்கள் ஊர்க் கோயிலில் நாளை குடமுழுக்கு. அம்மன் பதிகத்தின் கடைசிப் பாட்டு ஊரில் எவருக்கும் நினைவில்லை. அதன் பழைய அச்சுப் பிரதி இங்கிருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருக்கிறேன்.

நூலகர் கணினியியல் நூல்களைப் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவரிடம் பதிகத்தைக் கேட்கிறேன்.

“இதுக்கெல்லாம் தலைப்பு, ஆசிரியர், பொருள் எல்லாம் உள்ளேயே அச்சடிச்சிருக்கு ஐயா. பழைய சிறுநூல்ல பாதிக்கு முகப்புத்தாளே இல்லை. அதையெல்லாம் முதல் அடியை வச்சுத்தான் பதியறோம். சொல்லுங்க.”

பதிகத்தின் முதல் அடியைச் சொல்கிறேன். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். “இல்லைங்களே.”

எழுந்து வாசல்வரை சென்றபின் உறைக்கிறது. எந்தத் தெய்வத்தைப் பாடினாலும் பிள்ளையார் காப்பிலன்றோ நூல் தொடங்கும்! திரும்பி வந்து காப்பின் முதல் அடியைச் சொல்கிறேன்.

“இருக்கு ஐயா! பிள்ளையார் பாட்டுன்னு பதிஞ்சிருக்கோம். அவரைக் கேக்காம நேரா அம்மாகிட்ட போனா விடுவாரா?”

பழுப்பேறிய தாளில் கடைசிப் பாட்டு சிதையாமல் இருக்கிறது. என்னையறியாமல் வாய்விட்டுப் பாடத் தொடங்குகிறேன்.

“நாளைக்கு மைக்ல பாடுங்க ஐயா, இங்க எல்லாரும் படிக்கிறாங்க” என்கிறார் நூலகர். ஆனாலும் பாட்டு முடிந்த பிறகே சொல்கிறார்.