பாட்டுக்கு நடுவுல என் குரல்

போன வருஷம் ஆடி மாசம், காரிமங்கலம் சந்தை நாள். மணி பத்து பத்தேகால் இருக்கும். நான் பிரைவேட் பஸ் டிரைவர். காரிமங்கலத்துல எடுத்து, கம்பைநல்லூர் வழியா மொரப்பூர் போய்த் திரும்புற வண்டி. சந்தை நாள்னா கேக்கவே வேணாம். கோழி, தக்காளிக் கூடை, மூட்டைன்னு நிக்க எடமில்லாம வண்டி பிதுங்கிக்கிட்டு இருந்துச்சு. அந்தக் கூட்டத்துல ஒரு அம்மா எப்படியோ நகர்ந்து நகர்ந்து, என் சீட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னாங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கையில ஒரு புது போன்.

"டிரைவரண்ணா, சித்த முன்னாடி ஒரு அம்மன் பாட்டு போச்சுங்களே, அத இந்த போன்ல ஏத்தித் தர்றீங்களா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ. "இது பஸ்ஸா, பாட்டுக் கடையாம்மா? யாரு அனுப்புனா உங்கள? முன்னாடி போறானே, அந்த வண்டிக்காரனா?"ன்னு பஸ்ஸே கேக்கற மாதிரி கத்துனேன். நாலு பேரு சிரிச்சாங்க. அந்தம்மா திரும்பிப் போய்க் கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னாங்க.

நான் அப்படிக் கத்துனதுக்கு ஒரு கதை இருக்கு. எங்க ரூட்டுல ஜனங்க வண்டி பார்த்து ஏறமாட்டாங்க, பாட்டு பார்த்துதான் ஏறுவாங்க. எவன் வண்டியில நல்ல பாட்டு ஓடுதோ அவன் வண்டிதான் ரொம்பும். போன்ல ஆப் போட்டு மாசா மாசம் காசு கட்டி பாட்டு கேக்கறதெல்லாம் ஊருக்குள்ள சரி. பாதி வழியில டவர் போயிடும், பாட்டு விக்கி விக்கி நிக்கும். பஸ்ஸுக்கு பென் டிரைவ்தான். அதனால ஒவ்வொரு டிரைவரும் தன் பென் டிரைவைத் தாலி மாதிரி பத்திரமா வெச்சிருப்பான். அடுத்த வண்டிக்காரனுக்குக் கண்ணுலகூட காட்டமாட்டான்.

என் பென் டிரைவ்ல ஆயிரம் பாட்டுக்கு மேல இருந்துச்சு. காசு குடுத்து வாங்குனது ஒண்ணு சொல்லுங்கன்னா, ஒண்ணுகூட கெடையாது. எல்லாம் காரிமங்கலத்துல பாய் ஒருத்தர் செல்போன் கடை வெச்சிருக்காரு, அவரு ஏத்திக் குடுத்தது. என் மக காலேஜ் படிக்கிறா. அவ ஒரு நா, "இதெல்லாம் காசு குடுத்து வாங்கணும்ப்பா, சும்மா எடுத்தா தப்பு"ன்னு சொன்னா. "பாட்டுக்கு எவனாவது காசு குடுப்பானா, போ புள்ள"ன்னு தொரத்தி வுட்டேன். அதுதான் என் நியாயம். நான் எடுத்தா காப்பி, என்கிட்ட எடுத்தா திருட்டு!

ரெண்டரை வருஷத்துக்கு முன்னாடி எங்க வண்டி எஃப்.சி. சர்டிபிகேட்டுக்காக ஒர்க் ஷாப்ல நின்னுச்சு. பென் டிரைவ வண்டியோட பாட்டு செட்டுலயே மறந்து வுட்டுட்டேன். எனக்குப் பத்து நிமிஷம் முன்னாடி போற வண்டியோட டிரைவர் அந்தப் பக்கம் வந்தவன், மொத்தத்தையும் காப்பி அடிச்சிக்கிட்டுப் போயிட்டான். ரெண்டு நா கழிச்சி மொரப்பூர்ல அவன் வண்டியில என் பாட்டெல்லாம் அதே வரிசையில ஓடுது. சட்டையப் புடிச்சிட்டேன். ரயில் ஏற வந்த ஜனமெல்லாம் ரயில வுட்டுட்டு எங்களப் பாத்துச்சு. அதோட அவனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்ல.

அதே சூட்டோட பாய் கடைக்குப் போய் ஒரு வேலை பண்ணேன். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல என் குரல ஏத்தச் சொன்னேன். எங்க பஸ் பேரச் சொல்லி, "எங்க வண்டியில வாங்க, பாட்டோட போங்க!"ன்னு எக்கோ போட்டு கணீர்னு. இனிமே எவன் திருடுனாலும் அவன் வண்டியில என் விளம்பரம்தான் ஓடணும். குரல் ஏத்தாத பழசு மொத்தத்தையும் பாய் கம்ப்யூட்டர்லருந்து அழிக்கச் சொன்னேன். "ஒரு காப்பி இருக்கட்டுமே"ன்னு அவரு எவ்வளவோ சொன்னாரு. "வெளிய போச்சுன்னா நீங்கதான் பொறுப்பு"ன்னு பக்கத்துலயே நின்னு அழிக்க வெச்சிட்டுத்தான் வந்தேன். அன்னிக்கி எனக்கு அவ்வளவு பெருமை!

சரி, அந்தம்மா கதைக்கு வர்றேன். அவ்வளவு திட்டு வாங்குன பொறவும் அவங்க எங்க வண்டியிலதான் வந்துக்கிட்டு இருந்தாங்க. வாரத்துல நாலு நா. நான் கண்டுக்கல. எங்க கண்டக்டருதான் ஒரு நா மொரப்பூர்ல டீ குடிக்கிறப்ப ஆரம்பிச்சாரு.

"மச்சான், அந்தம்மா கவர்மென்ட் டவுன் பஸ்ல போனா டிக்கெட்டே கெடையாது. அத வுட்டுட்டு நம்ம வண்டியில காசு குடுத்து வருது. சரி, மொரப்பூர்ல வேலை ஏதாச்சும் இருக்கும்னு பாத்தா, எறங்கறதே இல்ல. இங்கயே உக்காந்திருந்து, திரும்பவும் டிக்கெட் வாங்கி, ஏறுன எடத்துலயே எறங்குது."

நான் நம்பல. "வூட்டுல சண்டையோ என்னமோ"ன்னேன்.

அடுத்த வாரம் எங்க செட்டு ரிப்பேர். பாட்டே இல்லாம வண்டி ஓட்டுனேன். கம்பைநல்லூர் தாண்டி அந்தம்மா ஏறுனாங்க. ரெண்டு ஸ்டாப் போனதும் கண்டக்டருகிட்ட, "பாட்டு போடலீங்களா?"ன்னு கேட்டிருக்காங்க. செட்டு ஓடலன்னு சொன்னதும் மூஞ்சி அப்படியே வாடிப் போச்சாம். "என்னம்மா, பாட்டுக்காகவா வர்றீங்க?"ன்னு இவரு வெளையாட்டாதான் கேட்டாரு. அந்தம்மா பொல பொலன்னு அழுதுட்டாங்க.

மொரப்பூர் வந்து எல்லாரும் எறங்குன பொறவு, கண்டக்டர் என் சீட்டுகிட்ட வந்து சொன்னாரு. "அந்த அம்மன் பாட்டு பாடறது அந்தம்மாவோட பொண்ணாம் மச்சான். அந்தப் பொண்ணு இப்ப இல்லயாம்."

சத்தியமா சொல்றேன், அந்தப் பாட்ட மூணு வருஷமா ஒரு நாளைக்கு நாலு ட்ரிப்பு ஓட வுட்டிருக்கேன். பாடுனது யாருன்னு ஒரு நா, ஒரே ஒரு நா, எனக்குக் கேக்கத் தோணல. பாய் ஏத்திக் குடுத்தாரு, ஜனம் ரசிச்சிச்சு, நான் ஓட வுட்டேன். அது ஒரு மனுசப் பொறவியோட தொண்டையிலருந்து வந்ததுங்கற நெனப்பே எனக்கு இல்ல.

எழுந்து பின்னாடி போனேன். அந்தம்மா ஜன்னலோர சீட்டுல உக்காந்திருந்தாங்க. என்னப் பாத்ததும் பயந்து எந்திரிச்சாங்க. அத நெனச்சா இன்னிக்கும் எனக்கு அசிங்கமா இருக்கு. "உக்காருங்கம்மா, உக்காருங்க. அன்னிக்கி நான் பேசுனது பெரிய தப்பு"ன்னு சொல்லி எதுத்த சீட்டுல உக்காந்தேன். அவங்களே மெதுவா சொன்னாங்க. பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறப்ப அவங்க ஊர் மாரியம்மன் திருவிழாவுக்காக எளவட்டங்க சேந்து சேலத்துல ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போய்ப் பாட வெச்சி, சீடி போட்டிருக்காங்க. அடுத்த வருஷமே காய்ச்சல் வந்து, மூணே நாள்ல பொண்ணு போயிடுச்சு. பாட்டு அந்தம்மா போன்ல, மெமரி கார்டுல இருந்திருக்கு. தெனம் அதக் கேட்டுட்டுதான் அடுப்பப் பத்த வெப்பாங்களாம். அந்த வருஷம் வைகாசியில போன் தண்ணித் தொட்டியில வுழுந்து செத்துப் போச்சு. கார்ட எடுத்து வேற போன்ல போட்டா, "இத அழிச்சிட்டுதான் புதுசா போட முடியும்"னு கேக்குதாம். அந்தக் கார்டு பழைய போனோட சேத்துப் பூட்டுனதாம், இனிமே எந்த போன்லயும் தெறக்காதுன்னு கடையில கைய விரிச்சிட்டாங்க. நம்ம கார்டு, நம்ம புள்ள பாட்டு, அதுக்கு ஒரு பூட்டு!

அதுக்கப்புறம் ஒரு நா தற்செயலா எங்க வண்டியில ஏறியிருக்காங்க. பாட்டு வந்திருக்கு.

கண்டக்டர்கிட்ட பென் டிரைவ போன்ல மாட்டற சின்ன பின் ஒண்ணு இருந்துச்சு. நானே பென் டிரைவ உருவிக் குடுத்தேன். பாட்டு ஏறுச்சு. அந்தம்மா போனக் காதுகிட்ட வெச்சிக் கண்ண மூடிக்கிட்டாங்க. நல்லாதான் போயிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது சரணத்துல அந்தப் பொண்ணு குரல அமுக்கிக்கிட்டு, "எங்க வண்டியில வாங்க, பாட்டோட போங்க!"

அய்யோ, எனக்கு உசுரே போயிடுச்சு. பஸ்ஸுல ஆயிரம் தடவ கேட்ட என் குரலுதான். ஒரு தாய் காதுகிட்ட அது கத்துறப்பதான் எவ்வளவு கேவலம்னு தெரிஞ்சுது. போனப் புடுங்கித் தூரப் போட்டுடலாமான்னு இருந்துச்சு. அந்தம்மா கண்ணத் தொறக்காமலே, "பரவால்லீங்கண்ணா, பழகிடுச்சு"ன்னாங்க. அதுக்குப் பதிலா என்ன நாலு அறை அறைஞ்சிருக்கலாம்.

அன்னிக்கி சாயங்காலமே பாய் கடைக்கு ஓடுனேன். "என் குரல மட்டும் எடுத்துடுங்க பாய்"னு கெஞ்சுனேன். அவரு கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டு, அந்த எடத்துல பாட்டு சேந்தே போவுது, பிரிக்க வரலன்னுட்டாரு. அப்படி வெட்டுனா அந்தப் பொண்ணோட குரலும் சேந்து போயிடும். அந்தம்மா ஊருக்குப் போய்க் கேட்டேன். ரெண்டு வூட்டுல சீடி இருந்துச்சு, ரெண்டும் கீறல் வுழுந்து ஓடல. சேலத்து ஸ்டூடியோவுக்கு போன் போட்டா, பழைய கம்ப்யூட்டரே இல்லங்கறாங்க. மறுபடியும் பாய் கடையில வந்து தலையில கை வெச்சி உக்காந்துட்டேன். பாய் என்னயே பாத்தாரு.

"சுத்தமான காப்பி ஒரே ஒரு ஆளுகிட்டதாங்க இருக்கும். நீங்க குரல் ஏத்தறதுக்கு முன்னாடி திருடிக்கிட்டுப் போனாரே, அவருகிட்ட."

எவன் திருட்டுப் பயன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனோ, அவன் திருடுனதாலதான் அந்தப் பாட்டு எங்கயாச்சும் பொழச்சிருக்கணும். அவனும் என்ன மாதிரி யோக்கியனா இருந்து அழிச்சிருந்தா அவ்வளவுதான்.

மறுநா காலையில மொரப்பூர்ல அவன் வண்டி முன்னாடி போய் நின்னேன். சண்டைக்கு வந்திருக்கேன்னு நெனச்சி அவன் கண்டக்டர் குறுக்க வந்தாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வெக்கமெல்லாம் பாக்கல. எல்லாத்தையும் சொன்னேன். அவன் ஸ்டியரிங்க்லயே கைய வெச்சிக்கிட்டுக் கேட்டான்.

"நீ சட்டையப் புடிச்ச நாள்லருந்து ரோசத்துல உன் பாட்டு எதையும் நான் போடறதே இல்ல. பென் டிரைவ் வூட்டுல டிவி பின்னால எங்கயோ கெடக்கும். இருக்குதான்னு பாக்கறேன்"னான். கெடைக்குமா, கெடைச்சாலும் ஓடுமா? அன்னிக்கி நாலு ட்ரிப்பும் நான் வண்டிய எப்படி ஓட்டுனேன்னு எனக்கே தெரியாது.

அடுத்த நா அவனே எங்க வண்டிகிட்ட வந்தான். தூசி படிஞ்ச பென் டிரைவ சட்டையில தொடச்சி என் கையில வெச்சான். ரிப்பேர் பாத்து வந்த எங்க செட்டுல மாட்டிப் பாத்தோம். ஓடுச்சு. அந்தம்மா அன்னிக்கி வண்டியிலதான் இருந்தாங்க. அவங்க போன்ல ஏத்தி, சத்தமா வெச்சிக் குடுத்தோம்.

ரெண்டாவது சரணம் வந்துச்சு. என் குரல் வர்ற எடம் வந்துச்சு. அங்க அந்தப் பொண்ணு பாடல. ஒரு வரிய மறந்துட்டு, கிளுக்குன்னு சிரிச்சிட்டு, திரும்பப் புடிச்சிப் பாடுது.

அந்தம்மா அழுவல, சிரிச்சாங்க. "இதத்தாங்கண்ணா கேக்கணும்னு இருந்தேன். ஸ்டூடியோவுல இத வெட்டச் சொன்னாங்களாம், பாப்பாதான் வுடமாட்டேன்னுட்டா. உங்க குரல் வர்றப்பல்லாம், அதுக்கு அடியில பாப்பா சிரிச்சிக்கிட்டு இருக்கான்னு நெனச்சிக்குவேன்."

அவனும் நானும் ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியாம ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கிட்டோம்.

இப்ப எங்க வண்டியில எந்தப் பாட்டுலயும் என் குரல் கெடையாது, எவன் கேட்டாலும் பென் டிரைவ உருவிக் குடுத்துடறேன். பாடுனவங்களுக்குக் காசு போகணும்னு என் மக சொல்றதையும் இப்பல்லாம் காது குடுத்துக் கேக்கறேன். ஆனாலும், ஒரு பெத்த தாய் டிக்கெட் வாங்கி உக்காந்து, என் சத்தத்துக்கு அடியில தன் புள்ளையோட சிரிப்பத் தேடிக்கிட்டு வந்தாங்களே, அந்த ஒண்ணு மட்டும், நான் யாருகிட்ட போய் மன்னிப்பு கேட்டும் ஆறமாட்டேங்குதுங்க.