வாத்துக்குப் பின்னால் நின்ற வெள்ளை

கத்தாரிலிருந்து வரும்போது என்ன வேண்டும் என்று கணவர் கேட்டார். தங்கக் காப்பு என்றேன். கமரா வந்தது. கூட வேலைசெய்தவர் ஒருவர் அங்கிருந்து ஒரேயடியாகப் புறப்படும்போது மலிவாகக் கொடுத்தாராம், முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸும் சேர்த்து. ஒரு கிழமை முழுக்க அவரோடும் கோபம், கமராவோடும் கோபம். லீவு முடிந்து அவர் போய்விட்டார், கமரா வீட்டில் கிடந்தது. சும்மாதானே கிடக்கிறது என்று தூக்கிக்கொண்டு குளத்தடிக்குப் போனேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இரண்டு வருடத்துக்கு விடவில்லை.

எங்கள் ஊர் பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வழியில் இருக்கிறது. குளம் பெரிதல்ல. ஒரு பக்கம் ரோட்டும் குளிக்கிற படியும், ஒரு பக்கம் தென்னந்தோட்டம், அதற்கு நேரெதிரே வீடுகளின் பின்வளவுகள். விடியுமுன் சுபஹு தொழுதுவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்வரை தோட்டத்துப் பக்கம் குந்திக்கொண்டிருப்பேன். முதலில் காட்டுத்தாராக்களைத்தான் குறிவைத்தேன். அவை விசிலடித்துக்கொண்டு வந்து தண்ணீரில் இறங்கும், கமராவைத் தூக்கினால் எழும்பிப் போய்விடும். என்னிடம் இருக்கிற காட்டுத்தாராப் படங்களில் பாதி வெறும் வானம். ஆகவே வீட்டுத் தாராக்களோடும், அவற்றைவிடப் பெரிய, கழுத்து நீண்ட இரண்டு வெள்ளை வாத்துகளோடும் சமாதானமானேன். வாத்துகளுக்குக் கமராவும் ஒன்றுதான், கத்தரிக்காயும் ஒன்றுதான். கழுத்தை நீட்டிக்கொண்டு, அதிபர் வகுப்புக்குள் வருகிற மாதிரி நேரே என்னைப் பார்த்து நீந்தி வரும்.

அவை ராத்தாவின் வாத்துகள். ராத்தா என்றாலும் கூடப் பிறந்தவர் அல்ல, எதிர்க்கரையில் பின்வளவு உள்ள வீட்டுக்காரி. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன இரண்டு வருடமும் என் மகளைத் தன் பிள்ளைபோல் வைத்துப் பார்த்தவர். அவருடைய கணவர் உப்பு லொறி ஓட்டியவர். ஓட்டத்தை விட்டபின் பொழுதுபோக்காகத் தாரா வளர்த்தார், பிறகு எங்கிருந்தோ அந்த இரண்டு வாத்துகளையும் வாங்கி வந்தார். ஒருநாள் நெஞ்சு நோகிறது என்றார். புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார்.

ராத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருப்பது. மார்க்கம் சொன்னது கொஞ்சம், எங்கள் ஊர் தன் பங்குக்குச் சேர்த்தது மிச்சம். முன்ஜன்னலுக்குத் திரை, பின்கதவுக்குத் திரை, குசினிக்குப் போகும் வழியிலும் ஒரு பழைய சாரி தொங்கும்.

எல்லோரும் ராத்தாவைப் பற்றி யோசித்தார்கள், வாத்துகளைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. ராத்தாவின் மச்சான், அதாவது அவர் கணவரின் தம்பி, தீன் போடுகிறேன் என்று பொறுப்பெடுத்தார். மோட்டார்சைக்கிளை நிறுத்தாமலே வந்து அரிசிக் குருணலைக் கரையில் கொட்டிவிட்டுப் போவார். தாராக்கள் எது போட்டாலும் தின்னும். வாத்துகள் தொடவில்லை. பின்கதவடியில் வந்து நின்று கத்து கத்தென்று கத்தின. மூன்று நாள் பொறுத்திருக்கிறார் ராத்தா. நாலாம் நாள் விடியற்காலை, ஆளரவமில்லாத நேரம் பார்த்து, பாண் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கோப்பையில் எடுத்துக்கொண்டு வளவின் கரைக்கு இறங்கினார். அதன்பிறகு தினமும், நான் குளத்தடிக்கு வருமுன்னே, இறங்கி ஏறிவிடுவார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. ஆனால் ஒரு நாள் மட்டும் முன்னாலேயே தெரியும். அதைத்தான் எழுத வந்தேன்.

அன்றைக்குப் பனி. பெரிய வாத்து குளத்தின் நடுவில் தண்ணீரிலிருந்து பாதி எழும்பி இரண்டு செட்டையையும் விரித்தது. நான் விரலை எடுக்கவே இல்லை, அழுத்திக்கொண்டே இருந்தேன். அது அமர்ந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோற்றுக்கோப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். ஒன்று வந்திருந்தது. அப்படியொன்று அதற்கு முன்னும் எனக்கு வாய்க்கவில்லை, பின்னும் இல்லை. விரிந்த செட்டை, தெறிக்கிற தண்ணீர், பனி. வாத்துக்குப் பின்னால், மங்கலாக, இன்னொரு வெள்ளை நின்றது. ஒரு கையை உயர்த்தியபடி.

யாரென்று எனக்குத் தெரியும். தெரியாது என்று பிறகு எத்தனையோ பேரிடம் சொன்னேன், ஆனால் பார்த்த நிமிடமே தெரியும். அந்த ஓரத்தை வெட்டிவிடுவது இரண்டு விநாடி வேலை. வெட்டியும் பார்த்தேன். படம் செத்துப்போயிற்று. வெள்ளைக்குப் பின்னால் வெள்ளை நின்றதுதான் அதன் அழகு. வெட்டியதைத் திரும்பவும் ஒட்டினேன். மங்கல்தானே, யாருக்கு விளங்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குடும்பக் குழுவில் வட்ஸ்அப்பில் போட்டேன்.

இதயங்கள் வந்து விழுந்தன. கத்தாரிலிருந்து கணவர், “காப்பு வாங்கியிருந்தா இது வருமா?” என்று எழுதினார். குசினிக்குப் போவதும் போனை எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தேன். கறி அடிப்பிடித்தது. மருமகன் முறையான ஒருவன் படத்தை ஊர்க் குழுவுக்குக் கொண்டுபோய், ‘நம்ம குளம்’ என்று போட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் காலையில் அதே படம் எனக்குத் திரும்பி வந்தது. வாத்தைக் காணவில்லை. பின்னாலிருந்த வெள்ளையைப் பெருப்பித்து, சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இன்னொரு வட்டம், அதற்குள் வீச்சுவலையோடு ஓர் ஆண். ‘இத்தாவில் இருக்கிற பொம்பள விடியக்காலையில ஆருக்குக் கை காட்டுறா?’

அந்த வலைக்காரரை நான் கவனிக்கவே இல்லை, அது சத்தியம். அவர் நின்றது ராத்தாவின் வளவைத் தாண்டி, குளத்தின் மற்ற மூலையில். கத்திக் கூப்பிட்டால்தான் கேட்கிற தூரம். ஆனால் நீள லென்ஸ் தூரத்தைத் தின்றுவிடும். படத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. இது எங்கள் ஊரில் ஒருவருக்குத்தான் தெரியும், எனக்கு. ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் அடுத்த கேள்வி என்னிடம் வரும்: அப்படியென்றால் நீ கண்டிருக்கிறாய், கண்டும் ஏன் போட்டாய்? எழுதவில்லை. குடும்பக் குழுவில் படத்தை அழித்தேன். மற்றக் குழுவில் அது என் கையில் இல்லை.

பள்ளிக்கூட வாசலில் ராத்தாவின் மச்சானுடைய மனைவி காத்துக்கொண்டு நின்றார்.

“டீச்சர், படம் எடுத்த நீங்கதானே. அவ அங்க நிண்டதக் கண்டீங்களா?”

“நான் வாத்தத்தான் பாத்தேன். பின்னுக்கு ஆரு நிண்டதெண்டு எனக்குத் தெரியா.”

“அந்த மனுசனுக்குத்தானே கை காட்டுறா?”

“தெரியா.”

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். தூரம், அளவுத்திட்டம் எல்லாம் கரும்பலகையில் கீறிக் காட்டுகிறவள். அந்தத் ‘தெரியா’வை நினைத்தால் இப்போதும் என் வாயை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. வாத்தால்தானே இவ்வளவும் என்று மச்சான் முடிவெடுத்தார். தாராக்களைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய் விற்றார். வாத்துகள் இரண்டும் ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற ஏதோ ஒரு ஹோட்டலுக்குப் போயினவாம். ராத்தாவின் பின்கதவுக்குப் பூட்டு விழுந்தது. சாவி மச்சான் வீட்டில்.

யாரோ மௌலவியிடம் கேட்டிருக்கிறார்கள். தன் வளவுக்குள் நின்று தன் பிராணிக்குத் தீன் போடுவது தேவை, அதில் என்ன குற்றம், பட்டினி போட்டால்தான் குற்றம் என்றாராம் அவர். அது வந்து சேர்ந்தபோது குளத்தில் காட்டுத்தாராக்கள் மட்டும்தான் இருந்தன. பூட்டு அப்படியே இருந்தது. வலைக்காரரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வழமைபோல வலை வீசினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என் வீட்டில், கணினிக்குள் இருந்தது.

மூன்று கிழமை அந்தத் தெருவால் போகாமல் சுற்றிப் போனேன். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பெண்கள் போய் ஆறுதல் சொல்லும் நேரத்தில், ஒரு பெட்டி பிஸ்கட்டோடு போனேன். ராத்தா பாயில் இருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது, அதுதான் முதல் அடி.

“வாங்க வாங்க. மகள் எப்படி, சோதனை எழுதி முடிஞ்சிதா?”

மகளைப் பற்றிச் சொன்னேன். கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீரைக் கையில் எடுத்தேன். இனியும் முடியாது என்றாயிற்று. வரும் வழியெல்லாம் உண்மையைச் சொல்வது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்ததும் வேறொன்று வந்தது.

“ராத்தா, நான் உங்களக் காணல்ல. அல்லாஹ்வுக்காக நம்புங்க. கண்டிருந்தா அந்தப் படத்தப் போட்டிருப்பேனா?”

“அது எனக்குத் தெரியாதா?” என்றார். “நீங்க காணல்ல எண்டு அப்பவே விளங்கிச்சி. கண்டிருந்தா திருப்பிக் கை காட்டியிருப்பீங்களே.”

எனக்கு விளங்கவில்லை.

“அண்டைக்குப் பனியில இறங்கப் பிந்திட்டு. தென்னந்தோட்டத்துக்க ஆரோ இருக்கிறாங்க எண்டு முதல்ல பயந்திட்டேன். உள்ளுக்கு ஓடப் பாத்தேன். பொறகு பாத்தா நீங்க, கண்ணுல அத வச்சிக்கிட்டு. நம்மட டீச்சர்தானே, என்ன பயம் எண்டு நிண்டேன். அவர் மௌத்தாகின பொறகு வெளியால கண்ட மொத முகம் நீங்கதான். அதான் கையத் தூக்கிக் காட்டினேன்.”

“அது எனக்கா?”

“வேற ஆருக்கு?”

“அப்ப ஏன் ராத்தா அவங்களுக்குச் சொல்லல்ல? டீச்சருக்குத்தான் கை காட்டினேன் எண்டு ஒரு வார்த்த!”

“சொன்னா உங்களையும் இழுப்பாங்க. கண்டும் போட்டாள் எண்டு கதைப்பாங்க. நீங்க நாலு பேர்ட பிள்ளைகளுக்குப் படிச்சிக் குடுக்கிற ஆள். எனக்கு இன்னும் ஒண்டரை மாசம், கதவ மூடிக்கிட்டு இருந்தா முடிஞ்சிரும். உங்களுக்கு அப்படியா?”

நான் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். ஆறுதல் சொல்லப் போன வீட்டில், வெள்ளை உடுத்தியிருந்தவர் என் முதுகைத் தடவிவிட்டார். மௌத்தான தன் கணவரை நினைத்துத்தான் நான் அழுகிறேன் என்று உள்ளே வந்த இரண்டு பெண்களிடம் சொன்னார்.

அங்கிருந்து நேரே மச்சான் வீட்டுக்குப் போனேன். அந்தக் கை எனக்குக் காட்டியது, வலைக்காரர் நின்ற இடம் வேறு, லென்ஸ்தான் பக்கத்தில் கொண்டுவந்து காட்டியது என்று கடதாசியில் கீறிக் காட்டிச் சொன்னேன். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று அவர் மனைவி கேட்டார். பின்னுக்கு யாரோ நின்றதை நான் கவனிக்கவில்லை என்றேன். நம்பினார்கள். பின்கதவுச் சாவி அடுத்த நாள் ராத்தாவிடம் போயிற்று.

இத்தா முடிந்து இப்போது ராத்தா வெளியே வருகிறார். சந்திக்கும் இடமெல்லாம், “பாவம், டீச்சர் அண்டைக்கு என்னக் காணல்ல” என்று மற்றவர்களிடம் எனக்காகப் பேசுகிறார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.