அம்மா கேட்ட நம்பர்

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார அம்மாள், "இன்றைக்குக் குளிர் ரொம்ப மோசம், இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்குக் குடலில் கேன்சர். மருந்து ஏற்றியதிலிருந்து குளிர் பட்டால் விரல் நுனியெல்லாம் குத்துகிறது" என்றார் அடுத்த வாக்கியமாக. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தார், கையுறையைச் சரிசெய்தார், ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டியும் படபடப்பு அடங்கவில்லை. பதினொரு வருஷமாக இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு இதென்ன படபடப்பு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நான் அரியலூர் மாவட்டத்தில் தா.பழூர் பக்கத்துக்காரி. எங்கள் பக்கத்தில் அதற்கு 'அந்த வியாதி' என்று பெயர். அதையும் குரலைத் தாழ்த்தி, நோயாளி காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் பிழைப்பே அந்த வியாதியை வைத்துத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு வார்டு வேலையை விட்டுவிட்டு, வேறொரு ஊரில், ஓர் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தேன். இப்போது ஊசி போடுவதில்லை, பிபி பார்ப்பதில்லை. கேன்சரோடு வாழ்கிறவர்களுக்கு வைத்தியத்தைத் தவிர வேறு என்ன துணை தேவைப்படுகிறது என்று அவர்களிடமே கேட்டு எழுத வேண்டும். அதற்கு ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, குரலைப் பதிவு செய்ய ஒரு கருவி. உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், உங்களிடம் யாராவது எதையாவது மறைத்தார்களா, இப்படிக் கேட்பேன். அவர்கள் யோசித்து, நிதானமாக, தாங்களே பதில் சொல்வார்கள். தாங்களே என்பதைக் கவனியுங்கள். பெரம்பலூரில் நான் நர்ஸிங் படித்த காலத்தில், நோயாளியிடம் "பசிக்குதாம்மா?" என்று கேட்டால் மகன் பதில் சொல்வான், மருமகள் அதைத் திருத்துவாள், வராந்தாவிலிருந்து யாரோ ஒரு சித்தப்பா "காலையில ரெண்டு இட்லி சாப்புட்டுச்சு சிஸ்டர்" என்பார். நோயாளி விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

இந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. முன்பு இருந்த ஊரில் கேரளத்து நர்ஸுகள் நாலு பேர் இருந்தார்கள், பண்டிகைக்குக் கூப்பிடுவார்கள், சண்டையும் போடுவார்கள். இங்கே சனியும் ஞாயிறும் வாயே திறக்காமல் போய்விடும். திங்கட்கிழமை காலையில் "குட் மார்னிங்" சொல்லும்போது குரல் கரகரக்கும். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோன கதை இங்கே வேண்டாம். வீட்டில் நான் ஒருத்திதான் என்று தெரிந்தால் போதும்.

நான் இந்த வேலையில் சேர்ந்த சமயத்தில்தான் ஊரில் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. அப்பா இல்லை. அண்ணன் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறான். லீவு போட்டு அம்மாவைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். டெஸ்ட் முடிவு வந்ததும் முதல் போன் எனக்குத்தான். "அதேதான் பாப்பா" என்றான். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்பதைப் பற்றி நாங்கள் விவாதிக்கக்கூட இல்லை. அது தானாகவே முடிவாகிவிட்டது. கொழுப்புக் கட்டி என்று சொல்லி ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு சிவப்பு நிறத்தில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். "இது என்னா பாப்பா, ரத்தக் கலர்ல இருக்கு?" என்று அம்மா வீடியோ காலில் கேட்டபோது, "ரத்தம் ஊறுறதுக்குத்தாம்மா, ஆபரேஷன்ல நெறய போயிடுச்சுல்ல" என்று கண்ணிமைக்காமல் சொன்னவள் நான். முடி கொட்டியதற்கு ஊரில் தண்ணி சரியில்லை என்றேன். ஆராய்ச்சிக்காரி வாயில் எப்படி வந்தது பாருங்கள். ஆறு மாதத்தில் எல்லாம் முடிந்தது, சரியாகிவிட்டது என்றார்கள். சிவப்பு மருந்தை எனக்குத்தான் மறக்க முடியவில்லை.

ஒரு நாள் பேட்டிக்கு வந்தவர் எழுபது வயது தாண்டியவர். ஹெரால்டு என்று பெயரை மாற்றி வைத்துக்கொள்வோம். பேட்டி முடிந்து கருவியை அணைத்தபின் என்னைப் பற்றிக் கேட்டார். அம்மாவுக்கும் இந்த நோய் வந்தது, நல்ல வேளையாக அவளுக்குத் தெரியாது என்றேன். நல்ல வேளையாக என்று சொன்னது நினைவிருக்கிறது. ஞாபக மறதி நோயா என்று இரக்கத்தோடு கேட்டார். இல்லை, நாங்கள் சொல்லவில்லை என்று விளக்கினேன். சட்டப்படி முடியுமா என்றார். பாசத்தில் செய்வது என்றேன். அவர் கோட்டை மாட்டிக்கொண்டே, "இவ்வளவு நேரம் என்னிடம் கேட்டதையெல்லாம் உன் அம்மாவிடம் கேட்க மாட்டாயா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குக் காதெல்லாம் சுட்டது. அன்றைக்கே மூன்று வாரம் லீவுக்கு எழுதிக்கொடுத்தேன். நேரில் போய் உட்கார்ந்து, உனக்கு வந்தது இன்னது என்று அம்மாவிடம் சொல்லிவிடுவது, அவள் அழுதால் கூடவே அழுவது என்று தீர்மானம்.

ஊருக்குப் போய் இறங்கினால் அம்மா பாதியாக இருந்தாள். அதற்கு முந்தைய ஏழெட்டு மாதமாக நெட்டு சரியில்லை என்று வீடியோ இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் நம்பிக்கொண்டிருந்தேன். "வயசாவுதுல்ல" என்றான் அண்ணன். மறுநாள் பெரம்பலூரில் செக்கப் என்றார்கள். நானும் வருகிறேன் என்றதற்கு, "இப்பத்தான வந்துருக்க, ரெஸ்ட் எடு" என்று மழுப்பினான். விடவில்லை, காரில் ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரியில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று தமிழில் பெரிய போர்டு இருக்கும். அம்மா தமிழ் படிப்பாள் என்பதால் அண்ணன் அந்தப் போர்டுக்கும் அவளுக்கும் நடுவில் குறுக்கே நின்று, முதுகைக் காட்டாமல், நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து அவளை உள்ளே கூட்டிப்போய் வார்டில் ஒரு கட்டிலில் உட்காரவைத்தான். பார்க்கச் சிரிப்பும் அழுகையும் வந்தது. ஃபைலை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தான். "குடு" என்றேன். "அது பழைய ஃபைலு" என்றான். பிடுங்கிப் பிரித்தேன். ஈரலுக்குப் பரவியிருக்கிறது என்று ஏழு மாதத்துக்கு முந்தைய தேதியில் எழுதியிருந்தது.

வார்டு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "என்கிட்டயே மறைச்சிட்டியாண்ணே? நான் நர்ஸுண்ணே! எனக்கு இதாண்ணே வேலையே!" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். பதில் கட்டிலிலிருந்து வந்தது.

"அவன ஏன் திட்டுற? நாந்தான் சொல்லக் கூடாதுன்னேன்."

கட்டில் பக்கம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமாம்மா?"

"ஏன் தெரியாது? சுத்தி ஒக்காந்திருக்குற ஒருத்தர் தலையிலயும் முடி இல்ல. ஊரு பூராவுமா தண்ணி சரியில்ல?" அம்மா சிரித்தாள். "மொத நாளே தெரியும். இவன் போர்டுக்கு முன்னாடி நின்னு கூத்தடிப்பான், பாவமா இருக்கும். சரி, புள்ளைங்க ஆசப்படுதுங்கன்னு உட்டுட்டேன்."

"பின்ன பரவுனத என்கிட்ட ஏம்மா மறைக்கச் சொன்ன?"

"இங்க எனக்கு விசயம் தெரிஞ்சா அண்ணன் இருக்கான், பக்கத்து வூட்டுக்காரங்க இருக்காங்க. ஒனக்கு அங்க யாரு இருக்கா? கேட்டுட்டு ஒத்தையில ஒக்காந்து அழுவ. ஒரு வாய் தண்ணி கொண்டாந்து குடுக்க ஆளு கெடையாது." நர்ஸம்மா ட்ரிப்பை மாட்ட வந்தாள். அம்மா கையை நீட்டிக் கொடுத்தாள். நோயாளியிடம் இருந்து உண்மையை மறைப்பது எங்கள் வழக்கம் என்று ஆங்கிலேயருக்கு விளக்கம் சொன்னவள், எங்கள் வீட்டில் யாரை நோயாளியாக வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

திரும்பி வரும்போது அரியலூருக்கு முன்னால் சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கார் நகரவில்லை. அண்ணன் முன்சீட்டில் இருந்தான். பின்சீட்டில் என் தோளில் சாய்ந்திருந்த அம்மா, "பாப்பா, அங்க நல்லாப் பழகுன ஒருத்தரு நம்பரு குடு" என்றாள். எதற்கு என்றேன். "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா ஒனக்கு எடுத்த எடுப்புல போன் பண்ணிச் சொல்லக் கூடாது. அது மொற இல்ல. இங்கன்னா ஆள அனுப்பி, பக்கத்துல ஒக்காரவச்சு, மெதுவாத்தான் சொல்லுவோம். அங்கயும் அப்புடி ஒருத்தரு மொதல்ல ஒன் வூட்டுக்கு வந்து ஒக்காரட்டும். அப்புறம் அண்ணன் பேசுவான்." அண்ணன் திரும்பாமலே, "எனக்கு இங்கிலீசு பேச வராது, மெசேஜா எழுதி அனுப்பிடுறேன்" என்றான். இருவரும் ஏற்கனவே பேசி வைத்திருந்தது தெரிந்தது. தன் சாவுச் செய்தி எனக்கு எப்படி வந்து சேர வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே கவலையாக இருந்தது. போனில் இருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். பல் டாக்டர், வீட்டு ஓனர், டாக்ஸி, பீட்சா கடை. "அங்க போய் அனுப்புறேம்மா" என்றேன்.

வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லாமல் இல்லை. அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. நான் கிளம்பாவிட்டால் மருந்து ஏற்றிக்கொள்ளப் போவதில்லை என்று மிரட்டி அனுப்பினாள்.

எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் ஆபீஸ் வேலை பார்க்கிற சூசன் நல்ல பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திரும்பி வந்த வாரமே, டீ போடும் இடத்தில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால் நீங்கள் என் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்க நினைத்தேன். வாயில் வந்தது, "என் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் நான் உங்களைத் தொந்தரவு செய்யலாமா?" என்பதுதான். "அடடா, தொந்தரவே இல்லை" என்று என் கையைத் தொட்டார். அம்மா இறந்தால் கிடைக்கும் லீவுக்கான படிவம் வெப்சைட்டில் இருக்கிறது, லிங்க் அனுப்புகிறேன் என்றார். பத்து நிமிஷத்தில் லிங்க் வந்தது. அவர்மேல் குற்றமில்லை, நான் கேட்டதற்குச் சரியான பதில் அதுதான். இரண்டாம் முறை கேட்க என்னால் முடியவில்லை.

அண்ணனோ தினமும் நம்பர் நம்பர் என்று நச்சரித்தான், அம்மா தூங்கமாட்டேன் என்கிறாள் என்றான். நோயாளிகளோடு பேசுவதற்காக ஆஸ்பத்திரியில் எனக்குத் தனியாக ஒரு போன் கொடுத்திருக்கிறார்கள். அந்த நம்பரை, சூசன் என்று பெயர் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த போனில் மெசேஜ் வந்தது. அண்ணன் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டி எழுதியிருந்தான். மேடம் வணக்கம். என் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் முதலில் உங்களுக்குத்தான் எழுதுவேன். உடனே என் தங்கை வீட்டுக்குப் போங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குச் சொல்லுவேன். அவளுக்கு அங்கே வேறு யாரும் இல்லை. சாண்ட்விச்சைக் கீழே வைத்தேன். கவலைப்படாதீர்கள், நான் அவளோடு இருப்பேன் என்று பதில் அனுப்பினேன்.

ஐந்து நிமிஷத்தில் என் சொந்த போன் அடித்தது. அம்மா. "பாப்பா, சூசம்மா பதில் போட்டுட்டாங்க. அண்ணன் படிச்சுக் காட்டுனான். நல்ல மனுசிதான். இப்ப பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"ஒரு ஹலோ சொல்லச் சொல்லு. கொரல ஒருக்கா கேட்டுக்குறேன்."

அவங்களுக்குத் தமிழ் தெரியாதும்மா என்றேன். தெரியாட்டி என்ன என்றாள். மேசையில் ஆபீஸ் போன் கிடந்தது, கையில் இருந்த போனில் அம்மா மூச்சு வாங்குவது கேட்டது. போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டு, சூசன் சொல்வதைப் போலவே இழுத்து, "ஹலோ" என்றேன்.

அம்மா மெதுவாக, "எம் புள்ளய பாத்துக்கம்மா" என்றாள்.

"பாத்துக்குறேம்மா" என்று நான் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அம்மா மூச்சு வாங்குவது கேட்டது. போனை அவள் வைக்கவில்லை.