செப்பு வலையும் திரைச்சேலையும்

மருதமுனையில் சுஹறாவின் தறியில் பருத்தி நூல்தான் ஏறும். ஐம்பத்தைந்தாம் வருடம் ஒரு தடவை செப்புக் கம்பி ஏறியது. நூற்று இருபது இழை. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. ரேடியோவின் ஏரியல் கம்பியோடு பூட்டுவதற்கென்று அவள் தம்பி காலிதீன் சொந்தமாக யோசித்த வலை அது. வீட்டு ரேடியோவில் பூட்டியதும் பாட்டுத் தெளிந்துவிட்டது போல் இருவருக்கும் கேட்டது.

கல்முனைக்குடி வியாபாரி பக்கீர் முகைதீனுக்குப் பிடித்தால் இருபது வலை எடுப்பார். அந்தக் காசில் காலிதீன் ரேடியோ திருத்தும் கடை போட்டுவிடலாம்.

இருவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். சுஹறா உள்ளே போய், வியாபாரியின் மனைவி ஜுனைதாவோடு திரைச்சேலைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். காலிதீன் வலையைப் பூட்டினான்.

"ஓம், தேன் மாதிரி இரிக்கி," என்றார்கள் முன்னறையில் இருந்தவர்கள்.

பக்கீர் முகைதீன் உடனே ஒப்பவில்லை. "நாம வலையப் பாத்துக்கிட்டுக் கேக்கிறோம். பூட்டியிரிக்கா இல்லியா எண்டு உள்ளுக்கு இரிக்கிறவங்க சொல்லட்டும். தம்பி, சொல்லாமப் பூட்டு, சொல்லாமக் களட்டு."

ஆறு தடவை நடந்தது.

"எனக்கு எல்லாம் ஒண்டுதான்," என்றாள் ஜுனைதா. "இவர்ர கொறட்டையில கூட இதவிட வித்தியாசம் தெரியும்."

சுஹறா ஆறையும் சரியாகச் சொன்னாள்.

"அப்ப இருபதும் எடுக்கிறன்," என்றார் பக்கீர் முகைதீன்.

பாட்டில் சுஹறாவுக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. எதையும் பூட்டும்போது தொண்டையைச் செருமுவது காலிதீனின் சின்ன வயதுப் பழக்கம். பேசாமல் இருந்தால் தம்பிக்குக் கடை. வலையை வாங்கப்போகிறவர்களுக்கு?

"காக்கா," என்று திரைக்குள்ளிருந்து அண்ணன் முறை வைத்து வியாபாரியைக் கூப்பிட்டாள். "நான் பாட்டக் கேட்டுச் சொல்லல்ல. தம்பி பூட்டக்குள்ள செருமுவான். அதக் கேட்டுத்தான் சொன்னன்."

எல்லோரும் சிரித்தார்கள். காலிதீன் மட்டும் வலையைக் கழற்றிச் சுருட்டினான். வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கேட்டான்.

"முந்தநாள் நல்லாக் கேக்குது எண்டியே, ராத்தா?"

"பொய் சொல்லல்லடா. அப்பிடித்தான் கேட்டிச்சி. நானே தறியில நெய்ஞ்ச வலை, கண்ணுக்கு முன்னால இரிந்திச்சி."

மறுநாள் பின்னேரம் காலிதீன் அறைக்குக் குறுக்கே ஒரு சேலையைக் கட்டி, ராத்தாவை அந்தப் பக்கம் உட்காரவைத்தான். தன் வாயை லேஞ்சித் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆறு தடவை மாற்றினான். மூன்று சரி, மூன்று பிழை.

வலையை இழை இழையாகப் பிரித்தார்கள். சுஹறா எண்ணினாள். நூற்று இருபதும் இருந்தன.

அடுத்த கிழமை பக்கீர் முகைதீன் தன் பழுதான ரேடியோ ஒன்றை அனுப்பினார். காலிதீன் அதைத் திருத்திவிட்டு, கொடுப்பதற்கு முன் வீட்டு ரேடியோவையும் பக்கத்தில் வைத்து, சேலையை எடுத்துக் கட்டி ராத்தாவைக் கூப்பிட்டான்.